கத்தி ஒன்று, விலை மூன்று: அமெரிக்கக் கிராமக் கடைக்காரர் எப்படி விற்றிருக்க வேண்டும்?

1704 அக்டோபரில் சாரா கெம்பிள் நைட் என்ற பாஸ்டன் பெண்மணி குதிரையேறி நியூயார்க்குக்குக் கிளம்பினார். வழியில் கனெக்டிகட் கடைக்காரர்கள் வியாபாரம் செய்யும் விதத்தைப் பார்த்து, அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அங்கே ஒரு பொருளின் விலையை எடுத்த எடுப்பில் சொல்லிவிட மாட்டார்கள். எதில் கொடுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் விலையே பிறக்கும். 6 பென்ஸ் கத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக் காசு கொடுத்தால் 6 பென்ஸ். தானியமோ பன்றி இறைச்சியோ கொடுத்து, அந்தச் சரக்குக்கு அரசு அந்த வருஷம் வைத்த விலையையே கணக்கில் எடுக்கச் சொன்னால், அதே கத்தி 12 பென்ஸ். அரசு விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் 8 பென்ஸ். இவை போக நான்காவதாகக் கடன் என்று ஒன்று உண்டு. அதன் விலை பேச்சைப் பொறுத்தது.

இதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. 1830 வாக்கில், வெர்மான்டிலோ நியூ ஹாம்ப்ஷயரிலோ ஒரு மலைக் கிராமத்தில் புதிதாகக் கடை திறக்கும் ஒருவருக்கு இந்த வழிகளில் எது சரி? ரொக்கமா, பண்டமாற்றா, கணக்கில் எழுதும் கடனா, கையெழுத்து வாங்கிக்கொள்ளும் கடன் சீட்டா? அப்புறம் இன்னொரு கேள்வி: கணக்கை ஒற்றைப் பதிவில் (யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை மட்டும்) எழுதுவதா, இரட்டைப் பதிவிலா (ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும்)? வெவ்வேறு கேள்விகள் மாதிரித் தெரியும். கணக்கு எழுதுவதே பிழைப்பாக இருக்கும் எனக்கு இரண்டும் ஒன்றுதான். எப்படி விற்கிறோம் என்று முடிவு செய்த அந்த நிமிஷமே, எந்த மாதிரிக் கணக்குப் புத்தகம் வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

முதலில் கடையைப் பார்த்துவிடுவோம். வெர்மான்டின் டம்மர்ஸ்டன் ஊரில் ஏசா நைட் என்பவர் நடத்திய கடை, இன்று மாசச்சூசெட்ஸில் ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த மாதிரிக் கடையில் ஒரு மூலையில் மொலாசஸ் (கரும்புச் சர்க்கரைப் பாகு) பீப்பாய், ரம், உப்பு. அலமாரியில் தேயிலை, காப்பி, நீலச்சாயம், பீங்கான் தட்டு, ஊசி, ஆணி, வெடிமருந்து, அச்சுத்துணி. நம்ம ஊருக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு இருந்தது. மாசச்சூசெட்ஸின் சேலம், பாஸ்டன் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்துபோன காலம் அது. மெட்ராஸ் கைக்குட்டை, பழவேற்காட்டின் பெயரைச் சுமந்த 'புலிகாட்' கைக்குட்டை இரண்டும் அமெரிக்கக் கடை விளம்பரங்களில் சாதாரணமாக வந்தன. பழவேற்காட்டின் பெயர் நியூ இங்கிலாந்துக் கடைப் பட்டியலில் இருப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சரி, ரொக்கத்திலிருந்து தொடங்கலாம். கேட்க நன்றாக இருக்கும்: காசைக் கொடு, பொருளை எடு, கணக்கே வேண்டாம். சிக்கல், கிராமத்தில் காசு கிடையாது. இருந்த காசும் குழப்பம். 1792-லேயே டாலரும் சென்ட்டும் சட்டமாகிவிட்டன, ஆனாலும் ஸ்பானிய வெள்ளி டாலர் போன்ற வெளிநாட்டு நாணயங்கள் 1857 வரை சட்டப்படி செல்லுபடியாயின. மக்கள் வாயிலிருந்து ஷில்லிங் கணக்கு போகவே இல்லை. அந்த ஷில்லிங்கும் ஊருக்கு ஊர் வேறு. நியூ இங்கிலாந்தில் ஒரு டாலருக்கு 6 ஷில்லிங், நியூயார்க்கில் 8. அதாவது இங்கே ஒரு ஷில்லிங் 16.67 சென்ட், எல்லை தாண்டினால் 12.5 சென்ட். வெர்மான்டின் மேற்கு எல்லையில் கடை வைத்திருப்பவர் ஒரு ஷில்லிங் என்று சொன்னால், எந்த ஷில்லிங் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போதாததற்கு உள்ளூர் வங்கிகள் அச்சடித்த நோட்டுகள். தூரத்து வங்கியின் நோட்டு என்றால் வட்டம் (கழிவு) பிடித்துக்கொண்டுதான் வாங்குவார்கள்.

ரொக்கத்துக்கு மட்டுமே விற்பேன் என்று பலகை மாட்டினால், அறுவடைக்கு முன்னால் வருகிற விவசாயியிடம் போய்விட்டு வா என்று சொல்வதாக அர்த்தம். அவர் அடுத்த கடைக்குப் போவார், திரும்பி வரமாட்டார். போக்குவரத்து வளர்ந்து ஊரில் காசு புழங்கத் தொடங்கிய பிறகு மலிவு விலை ரொக்கக் கடைகள் வந்தன, நன்றாகவும் நடந்தன. நான் சொல்லும் 1830 மலைக் கிராமத்துக்கு அது இன்னும் சரிப்படாது.

பண்டமாற்று இதைவிடச் சுவாரசியமானது. இதைப் பழங்காலத்து ஏழை வியாபாரம் என்று நினைப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மையில் கடைக்காரர் ஒரே நேரத்தில் சில்லறை விற்பவராகவும் ஊர்ச் சரக்கை மொத்தமாக ஏற்றுமதி செய்பவராகவும் இருந்தார். ஆகவே அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: வாங்குகிற சரக்கை யாரிடம் தள்ளுவேன்?

இதற்கு மிக நல்ல விடையாக இருந்தது சாம்பல். காட்டை வெட்டி நிலம் திருத்தும் குடியானவர் மரத்தை எரித்தாக வேண்டும். அந்தச் சாம்பலைக் கடைக்காரர் கணக்கில் வரவு வைத்து வாங்கி, நீரில் ஊறவைத்து வடித்து, இரும்புக் கொப்பரையில் காய்ச்சிப் பொட்டாஷ் ஆக்குவார். சோப்பு, கண்ணாடி, கம்பளி வெளுப்பு எல்லாவற்றுக்கும் அது தேவை. கோதுமையை மலைப்பாதையில் வண்டி ஏற்றிக் கொண்டுபோனால் வண்டிக்கூலியே லாபத்தைத் தின்றுவிடும். பொட்டாஷ் எடைக்கு நல்ல விலை தரும் சரக்கு, தூரம் தாங்கும். அமெரிக்க அரசு கொடுத்த முதல் காப்புரிமை, 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸுக்கு, பொட்டாஷ் தயாரிக்கும் முறைக்குத்தான் கொடுக்கப்பட்டது என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர் வெண்ணெய். பத்து வீட்டிலிருந்து பத்து விதமாக வரும். ஒன்று மணக்கும், ஒன்று காறும். காறிய வெண்ணெய்க்குக் குறைத்துக் கொடுத்தால் அந்த வீட்டம்மாவுக்குக் கோபம் வரும், அந்தக் குடும்பத்தின் மொத்த வாடிக்கையும் போகும். அதனால் பல கடைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விலை கொடுத்தார்கள். அப்புறம் நல்ல வெண்ணெய் கடைபவருக்கு மெனக்கெட என்ன காரணம்? கடை வெண்ணெய் என்றாலே நகரத்தில் முகம் சுளிக்கும் நிலை வந்தது இப்படித்தான்.

மூன்றாவதாக, பனையோலைத் தொப்பி. நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிட்ஸ்வில்லியம் ஊரில் டெக்ஸ்டர் விட்டிமோர் நடத்திய கடை இதற்கு நல்ல உதாரணம். கியூபாப் பக்கமிருந்து வந்த ஓலையைக் கிழித்துக் கடையில் கொடுப்பார்கள். ஊர்ப் பெண்களும் சிறுமிகளும் வீட்டில் உட்கார்ந்து தொப்பி பின்னிக் கொண்டுவருவார்கள். கூலி காசாகக் கைக்கு வராது, பேரேட்டில் (ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிய கணக்குப் புத்தகத்தில்) வரவாக ஏறும். அதிலிருந்து துணியும் தேயிலையும் எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் தொப்பிகளைச் சேர்த்து நகரத்துக்கு அனுப்புவார். வெண்ணெயில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: தொப்பி கெட்டுப்போகாது, எண்ணலாம், தரம் பிரிக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. தொப்பி பின்னியது மகள், வெண்ணெய் கடைந்தது மனைவி. பேரேட்டில் பெரும்பாலும் கணக்கு யார் பேரில்? வீட்டுத் தலைவர் பேரில். மணமான பெண் தன் பேரில் ஒப்பந்தம் செய்ய அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. விதவைகளும் மணமாகாதவர்களும் மட்டும் சில இடங்களில் சொந்தப் பெயரோடு தெரிகிறார்கள். மற்றவர்கள் நாள்வழியில் (அன்றாடப் பதிவுப் புத்தகத்தில்) 'மனைவி மூலம்', 'மகள் மூலம்' என்ற ஒற்றைச் சொல்லாக நிற்கிறார்கள். வர்ஜீனியாவில் ஜான் ஹூக் என்பவரின் கடைக் கணக்கில், அடிமைப்படுத்தப்பட்டவர்கள் தாங்கள் விளைவித்த பருத்தியைக் கொடுத்துக் கண்ணாடியும் ரிப்பனும் வாங்கிய பதிவுகளைப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதக் கற்கும் வாய்ப்பே கிடைக்காத காலத்தில், ஒரு கடைக்காரர் தன் வசூலுக்காக எழுதிய வரி அவர்கள் ஆசைப்பட்ட பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. என்னால் அந்த வரியைச் சீக்கிரம் கடந்து போக முடியவில்லை.

இப்போது முக்கியமான வழிக்கு வருகிறேன், கணக்கில் எழுதும் கடன். இதற்குக் குறைந்தது இரண்டு புத்தகம் வேண்டும். ஒன்று நாள்வழி. வேஸ்ட் புக் என்றும் ஒரு பெயர் உண்டு, ஆனால் வீணான சரக்கு எதுவும் அதில் கிடையாது. கடைமேசை மேலேயே கிடக்கும். கொடுக்கக் கொடுக்க, வாங்க வாங்க, நடந்த வரிசையில் எழுதிக்கொண்டே போவது. ஒரு பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: மேலே ஊரும் தேதியும். அடுத்த வரியில் வாடிக்கையாளர் பெயர், பக்கத்தில் பற்று என்ற குறி. கீழே, மகன் கையில் மொலாசஸ் ஒரு கேலன், ஆணி இரண்டு பவுண்டு. அதே ஆள் கொண்டுவந்த வெண்ணெய் ஐந்து பவுண்டு, வரவு. அவர் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கூலியைத் தன் கணக்கில் சரக்காகக் கொடுத்துவிடச் சொன்னால், அதுவும் அங்கேயே ஏறும். காசு ஒன்றுகூட அசையாமல் மூன்று பேர் கணக்கு தீரும். ஊரில் வங்கி இல்லை என்பார்கள். வங்கி அந்தக் கடைமேசை மேல்தான் இருந்தது.

இரண்டாவது புத்தகம் பேரேடு. ராத்திரி கடை சாத்தியபின் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாள்வழியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அவரவர் பக்கத்தில் இடதுபுறம் பற்று, வலதுபுறம் வரவு என்று ஏற்றுவார்கள். ஏற்றியதும் நாள்வழியின் ஓரத்தில் பேரேட்டுப் பக்க எண்ணைக் குறிப்பார்கள். அந்த எண் இல்லாத வரி இன்னும் ஏறாத வரி. ஒரு வரி விட்டுப்போனால் ஒரு கேலன் மொலாசஸ் இலவசமாகப் போனது மாதிரி.

கடனாகக் கொடுத்தால் கடைக்காரருக்கு என்ன பிடிமானம்? சட்டம் கொடுத்த பிடிமானம் ஒன்று இருந்தது. வழக்கு என்று வந்தால், கட்சிக்காரர் தன் வழக்கிலேயே சாட்சி சொல்ல முடியாது என்பதுதான் அன்றைய பொது விதி. அதற்கு விலக்காக, கடைக்காரர் தன் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இது என் கையால் அன்றன்றே எழுதியது என்று சத்தியம் செய்தால் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்கும். ஆனால் நடந்தபோதே எழுதிய முதல் பதிவுப் புத்தகமாக அது இருக்க வேண்டும். சுத்தமாகப் பிறகு படியெடுத்தது போதாது.

இதன் பலவீனமும் தெரிந்ததுதான். பேரேட்டுக் கடனுக்கு வழக்கமாக வட்டி கிடையாது. வருஷக்கணக்கில் தூங்கும். கடன்பட்டவர் நீதிமன்றத்தில், அந்த வெண்ணெயை நீ வரவு வைக்கவே இல்லையே என்று ஒவ்வொரு வரியையும் கிளறலாம். இதற்கு ஊர் கண்டுபிடித்த மருந்து, அவ்வப்போது இருவரும் உட்கார்ந்து கணக்குத் தீர்ப்பது. பற்றையும் வரவையும் கூட்டி, மிச்சத்தைச் சொல்லி, பேரேட்டின் அடியில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். சில இடங்களில், உலகம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை உள்ள எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. மொலாசஸுக்கும் ஆணிக்கும் ஆதாம் காலத்திலிருந்து கணக்குத் தீர்த்தால்தான் அண்டைவீட்டுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

கடன் சீட்டு, நம் பேச்சில் புரோநோட்டு, வேறு ரகம். வட்டி ஓடும். தொகையைப் பற்றி நீதிமன்றத்தில் வாதமே அதிகம் எழாது, கையெழுத்து அவருடையதுதானா என்பதோடு முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, அதை இன்னொருவர் பேருக்கு மாற்றிக் கொடுக்கலாம். கடைக்காரருக்குக் காசு அவசரமானால் சீட்டை நகரத்து மொத்த வியாபாரியிடம் தள்ளிவிடலாம். பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். பேரேட்டுக் கடன் உன்னைத் தெரிந்தவரிடமே இருக்கும். சீட்டு தெரியாதவர் கைக்குப் போய்விடும்.

இதன் கசப்பை அனுபவித்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். இல்லினாயின் நியூ சேலத்தில் டென்டன் ஆஃபட்டின் கடையில் எழுத்தராக இருந்துவிட்டு, வில்லியம் பெர்ரியோடு கூட்டுச் சேர்ந்து சொந்தக் கடை நடத்தினார். சரக்கு வாங்கியது பெரும்பாலும் சீட்டெழுதி. 1833-ல் கடை நொடித்தது. கடையை வாங்கிக்கொண்டவர்களும் பணம் கொடுக்காமல் ஊரைவிட்டுப் போனார்கள். 1835 ஜனவரியில் பெர்ரி இறந்தார். கூட்டுக் கடன் முழுவதும் லிங்கன் தலையில் விழுந்தது, சுமார் 1,100 டாலர். சரக்குக்காக ஏற்றுக்கொண்ட சீட்டு ஒன்று கைமாறிப் போயிருந்தது. வைத்திருந்தவர் வழக்குப் போட்டார். லிங்கனின் குதிரையும், நில அளவை செய்து பிழைக்க அவர் வைத்திருந்த கருவிகளும் ஏலத்துக்கு வந்தன. ஜேம்ஸ் ஷார்ட் என்ற நண்பர் ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தக் கடனைத் தேசியக் கடன் என்று அழைத்துக்கொண்டு லிங்கன் வருஷக்கணக்கில் அடைத்தார்.

ஆகவே புதுக் கடைக்காரருக்கு நான் சொல்வது: பிறரிடம் சீட்டு வாங்குவதற்கு முன்னால், நாம் எத்தனை சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று எண்ண வேண்டும். கிராமக் கடைக்காரரும் பாஸ்டன் மொத்த வியாபாரியிடம் ஆறு மாதம், சில சமயம் அதற்கு மேலும் தவணை சொல்லித்தான் சரக்கு எடுத்தார். 1837 நெருக்கடியில் அந்தச் சங்கிலி அறுந்தபோது நகரத்துப் பெரிய வியாபார நிறுவனங்களே விழுந்தன. அப்படி அடிபட்டவர்களில் ஒருவரான லூயிஸ் டாப்பன் 1841-ல் நியூயார்க்கில் ஒரு நிறுவனம் தொடங்கி, எந்த ஊர்க் கடைக்காரருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்ற விவரத்தைத் திரட்டி விற்றார். ஊரையே தன் பேரேட்டில் வைத்திருந்தவர் பெயர் இன்னொருவர் பேரேட்டில் ஏறியது.

ஒற்றைப் பதிவா, இரட்டைப் பதிவா? இதில் எனக்குச் சந்தேகம் குறைவு. இரட்டைப் பதிவு எங்கே முழுமையாக நடந்தது என்று பார்த்தால், புரட்சிக்கு முந்தைய வர்ஜீனியா, மேரிலாந்து. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் புகையிலை வியாபாரிகள், குறிப்பாக ஜான் கிளாஸ்ஃபோர்டு, வில்லியம் கன்னிங்காம் போன்றவர்களின் நிறுவனங்கள், அங்கே வரிசையாகக் கடைகள் வைத்திருந்தன. கோல்செஸ்டரில் அலெக்சாண்டர் ஹெண்டர்சன் நடத்திய கடை அவற்றில் ஒன்று. முதலாளி கடலுக்கு அந்தப் பக்கம். முகவர் நேர்மையாக இருக்கிறாரா, சரக்கில் எவ்வளவு லாபம், கடனில் எவ்வளவு முடக்கம் என்று அவருக்குத் தெரிய ஒரே வழி புத்தகம். அதனால் ஆட்களுக்கு மட்டுமல்லாமல் சரக்குக்கும் ரொக்கத்துக்கும் லாபநஷ்டத்துக்கும் தனித்தனிக் கணக்கு வைத்து, வருஷா வருஷம் ஐந்தொகை போட்டார்கள்.

அவ்வளவு நேர்த்தியான கணக்கும் அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. 1772-ல் ஸ்காட்லாந்தில் ஏர் வங்கி விழுந்ததும் வியாபாரிகள் புகையிலைத் தோட்டக்காரர்களை நெருக்கினார்கள், பிறகு அமெரிக்க விடுதலைப் போர் வந்தது, பாக்கி அப்படியே நின்றது. அந்தக் கடன்களை மாநிலச் சட்டத்தால் ரத்து செய்ய முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1796-ல் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 1802-ல் 6,00,000 பவுண்டு கொடுத்து அமெரிக்க அரசு விவகாரத்தை முடித்தது. தோட்டக்காரர் புகையிலை தருவார் என்று நம்பி ஒரே பயிரின் மேல் கொடுத்த கடன் அது. எழுதும் முறை எதுவானாலும் அந்தத் தவறு தவறுதான்.

மலைக் கிராமத்தில் தனியாளாகக் கடை நடத்துபவருக்கு ஒற்றைப் பதிவு போதும். அவருக்கு வேண்டியது யார் எவ்வளவு தர வேண்டும் என்பது. சரக்கு கண்ணெதிரே இருக்கிறது. அடக்க விலையைக்கூடச் சரக்கின் மேலேயே ரகசிய எழுத்தில் குறித்து வைத்திருப்பார்: எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகக் கொள்வது. பேரம் பேசும் வாடிக்கையாளருக்கு அது வெறும் கிறுக்கல், கடைப் பையனுக்கு அதுதான் எல்லைக்கோடு. ஆனால் கூட்டாளி ஒருவர் சேர்ந்த நாளிலிருந்து நான் இரட்டைப் பதிவையே கேட்பேன். இருவரில் யார் எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார் என்பதை ஆட்களின் கணக்கு மட்டும் சொல்லாது.

என் முடிவு இது. கணக்கில் எழுதும் கடனை அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம். ரொக்கம் கொண்டுவருபவருக்கு நிச்சயம் விலை குறைக்கலாம், ஏனென்றால் பாஸ்டன்காரருக்குக் கொடுக்க அந்தக் காசுதான் உதவும். சரக்கில் சாம்பலும் தொப்பியும் எவ்வளவு வந்தாலும் வாங்கலாம், வெண்ணெயை நன்றாகக் கடைபவர் வீடுகளிலிருந்து மட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, பனி விழுந்து வேலை குறைந்த காலத்தில், ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து கணக்குத் தீர்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்போதும் மிச்சத்தைத் தள்ளிப்போடுபவரிடம் மட்டும் சீட்டு, அதையும் முடிந்தவரை வெளியாள் கைக்கு விடாமல்.

தீ விபத்து அந்த மரக் கடைகளுக்குப் புதிதல்ல. அப்படி ஒன்று நடந்து ஒரு புத்தகத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்றால், தோலட்டை போட்ட அழகான பேரேட்டை விட்டுவிட்டு, மொலாசஸ் பட்டு ஒட்டும் நாள்வழியை எடுக்க வேண்டும். அதை வைத்துப் பேரேட்டை மறுபடி எழுதிவிடலாம், நீதிபதி கேட்பதும் அதைத்தான்.